தாசனின் கதிரை

போன மாதம் கைபேசியின் திரை உடைந்துவிட்டது. பாரிஸில், லா சப்பல் மெத்ரோ நிலையத்தில் இறங்கி, படிகளைக் கடந்ததும் வருகிற திருத்தும் கடை ஒன்றுக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். புறநகர் கூசேன்வில்லில் பிறந்த தமிழ்ப் பிள்ளையாம். என் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி விலை சொன்னாள். எனக்கு விலை காதில் விழவில்லை. அவள் போட்டிருந்த கத்தரிப்பூ நிறச் சுவெட்டரின் நெஞ்சில் வளைவாக எழுதியிருந்த பெயரை வாசித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்திக் காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்னக் கல்லூரியின் பெயர் அது. கறுப்பின மக்களுக்காக, அடிமைத்தளை அறுந்த கையோடு தொடங்கப்பட்ட கல்லூரி.

"பிள்ளை, உந்தக் கல்லூரி எங்கை இருக்கெண்டு தெரியுமே?"

அவள் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள், அங்கே ஏதோ ஊத்தை பட்டுவிட்டதுபோல. "சே ஜுஸ்த் அன் புல், தொந்தோன்" என்றாள். சும்மா ஒரு சுவெட்டர்தான், மாமா.

சரி, சும்மா ஒரு சுவெட்டர். ஆனால் அதைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கதையை யாருக்காவது சொல்லியே ஆகவேண்டும் என்று உங்களைப் பிடித்திருக்கிறேன். திகதிகளில் நான் கொஞ்சம் கடுமையான ஆள். எங்கள் அறையில் எனக்குப் பட்டப்பெயர் 'பஞ்சாங்கம்'. என்ன நடந்தாலும் அது எந்த மாதம், அப்போது உலகத்தில் வேறு என்ன நடந்தது என்று ஒட்டிவைக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. அதனால் முதலில் ஆண்டைச் சொல்லிவிடுகிறேன்: 1986.

அப்போது லா சப்பலில் தமிழ்க் கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நகைக்கடை இல்லை, சேலைக்கடை இல்லை. கருவேப்பிலை வந்த நாளில் செய்தி மெத்ரோ நிலையம்வரை பரவிவிடும். ஆறு பேர் ஓர் அறையில் இருந்தோம். உணவகத்துக் குசினியில் வேலை செய்பவர்கள் கொண்டுவரும் பழைய எண்ணெய் மணமும், சூடாக்கியின்மேல் காயும் காலுறைகளின் மணமும் கலந்து அந்த அறைக்கென்று ஒரு வாசம் இருந்தது. இன்றைக்கும் மழைநாளில் பஸ் கதவு மூடும்போது அது எங்கிருந்தோ வந்து போகும். நான் அலுவலகங்களில் தரை கழுவினேன். மீதி நேரத்தில் பழைய புத்தகச் சந்தையில் வாங்கிய புத்தகங்களை அகராதியோடு மல்லுக்கட்டி வாசித்தேன். வாசித்ததை அறையில் எல்லோருக்கும் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

கேட்டவன் தாசன் ஒருவன்தான். முழுப்பெயர் மரியதாசன், ஊர் மன்னார்த் தீவில் பேசாலை. கணிதத்தில் கெட்டிக்காரன். அவன் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும், பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. தாசனின் தகப்பனார் கருவாட்டு வியாபாரி. மகன் எஞ்சினியராக வேண்டுமென்றால் ஊர்ப் பள்ளிக்கூடம் போதாது என்று, ஏழாம் வகுப்பிலேயே யாழ்ப்பாணத்தில் பெரிய பெயருள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் விடுதியில் சேர்த்துவிட்டார். ஊரே பார்த்துப் பொறாமைப்பட்டதாம். அந்தக் காலத்தில்தான் பல்கலைக்கழக இடங்களை மாவட்டக் கணக்கில் பிரிக்கத் தொடங்கினார்கள். எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாயோ அந்த மாவட்டக் கணக்கில்தான் உன்னைச் சேர்ப்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு வெட்டுப்புள்ளி மிக உயரம், மன்னாருக்குக் குறைவு. தாசன் எடுத்த புள்ளிகளுக்குப் பேசாலைப் பள்ளிக்கூடத்திலிருந்து பரீட்சை எழுதியிருந்தால் எஞ்சினியரிங் கிடைத்திருக்கும். யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து எழுதியதால் ஒன்றுமே கிடைக்கவில்லை.

"அப்பர் என்னைக் கஷ்டப்பட்டுத் தூக்கி உயரத்திலை வைச்சார். வைச்ச இடத்திலை கூரை இடிச்சுப்போட்டுது" என்று அவன் சிரிப்பான். சிரித்துவிட்டு எழுந்து நடப்பான். அவனால் ஓரிடத்தில் இருக்க முடியாது. மெத்ரோவுக்கு மாதப் பயணச்சீட்டு வாங்கிய காசு வீணாகக் கூடாது என்று சொல்லிக்கொண்டு, ஓய்வுநாளில் இரண்டாம் இலக்க மெத்ரோவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய்த் திரும்பி வருவான். எங்கும் இறங்கமாட்டான்.

அந்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு மார்ச் முப்பதில் வந்தது. ஆகவே நான் சொல்லப்போவது மார்ச் தொடக்கம், தவக்காலம். ரயில் பாதைக்குப் பக்கத்திலிருந்த தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் எங்கள் கத்தோலிக்கப் பெடியள் பெரிய வெள்ளிக்காகப் பசாம் பாடிப் பழகினார்கள். பசாம் என்பது இயேசுவின் பாடுகளை நினைத்து இழுத்து இழுத்து அழுவதுபோலப் பாடும் பாட்டு. நான் சைவக்காரன். ஆனாலும் தவறாமல் போனேன். மண்டபத்தில் சூடாக்கி நன்றாக வேலை செய்தது, தேத்தண்ணியும் கொடுத்தார்கள். பக்தியின் காரணங்களை அதிகம் கிளறக்கூடாது.

பாட்டுப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதனால் தாசன் புத்தகத்தைப் பார்த்து ஓர் அடியை எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் எல்லோரும், நானும் சேர்ந்து, அதைத் திருப்பிப் பாடுவோம். ஊரிலும் அப்படித்தானாம். முன்னுக்குப் பாடுகிறவர் என்ன கொடுத்தாலும் பின்னுக்கு நிற்கிறவர்கள் அதை அப்படியே வாங்கி, இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் அடி அறுந்துவிடும்.

அன்று மேலே கோவிலுக்குள் அமெரிக்காவிலிருந்து வந்த கல்லூரிப் பாடகர் குழு ஒன்று மாலைக் கச்சேரிக்காக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. பாதிப் பாட்டில் படிக்கட்டின் கடைசிப் படியில் உயரமான ஒரு கறுப்பின அம்மையார் வந்து நின்றார். தொப்பி, கையுறை, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. சத்தம் போட வந்திருக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். அவரோ, தாசன் ஓர் அடி கொடுத்து முடித்ததும், கண்ணை மூடிக்கொண்டு, தன் மொழியில், அதே இழுவையில் ஓர் அடி கொடுத்தார்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் அடி கொடுத்தால் திருப்பிப் பாட வேண்டும் அல்லவா? முப்பது பேரும் அதை அப்படியே வாங்கி நீட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். அம்மையார் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, "இல்லை, இல்லை, பொறுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். பின்வரிசை அதையும் ராகத்தோடு திருப்பிப் பாடியது. "அடக் கடவுளே" என்றார். அதையும் பாடினார்கள். அம்மையார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னார்.

அவர் பெயர் மிஸிஸ் டாப்னி. அந்தக் குழுவின் நடத்துநர், கல்லூரியில் இசைப் பேராசிரியை. அவருடைய தகப்பனார் ஊர்ச் சபையில் இப்படித்தான் முன்னுக்கு நின்று அடி எடுத்துக் கொடுப்பாராம். அங்கும் ஒரு காலத்தில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர், புத்தகம் ஒன்று. மற்றவர்கள் திருப்பிப் பாடியே மனனம் பண்ணினார்களாம். "என் மாணவர்களுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று என்னைக் கேட்டார். அந்த மண்டபத்தில் ஆங்கிலம் என்று ஏதோ ஒன்று பேசியவன் நான்தான். பதிலுக்கு மன்னாரின் வரலாற்றைப் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து தொடங்கினேன். அவர் மிகவும் பொறுமைசாலி.

அன்று பின்னேரம், கச்சேரிக்கு முன்னால், அந்த மாணவர்கள் கீழே இறங்கிவந்து எங்களோடு சாப்பிட்டார்கள். மிஸிஸ் டாப்னி தங்கிய இடத்திலிருந்து அட்டைப் பெட்டிகளில் பொரித்த கோழியும் பாணும் கட்டிக் கொண்டு வந்திருந்தார். பாரிஸில் கடைக்கா பஞ்சம் என்று நான் கேட்டேன். கிளாரன்ஸ் என்ற மாணவன் விளக்கினான். அவர்களுடைய குழு பஸ்ஸில் ஊர் ஊராகப் பாடப் போன காலத்தில், வழியில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் கறுப்பர்களை உள்ளே விடமாட்டார்களாம். அந்தச் சட்டங்கள் போய் இருபது வருடம் ஆகியும் மிஸிஸ் டாப்னி பெட்டி கட்டாமல் புறப்படுவதில்லை. பெட்டியைத் திறந்தபோது மேலே வந்த ஆவியில் எங்கள் கட்டுச்சோற்று மணம்தான் இருந்தது. கண்டிக்கு ரயிலேறுகிற மணம்.

கிளாரன்ஸ் பிடரியில் கையைக் கட்டிக்கொண்டு கதை கதையாகச் சொன்னான். கல்லூரிக் கட்டடத்தில் பாதியை இப்படிப் பாடிச் சேர்த்த பணத்தில்தான் கட்டினார்களாம். நூலகக் கூரை ஒழுகும், மழைநாளில் எந்த மேசைக்கு அடியில் வாளி வைப்பது என்று புதிய மாணவனுக்கும் தெரியும். விடுதியில் சுடுதண்ணீருக்கு ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். அரசாங்கம் மாணவர் உதவிப் பணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. ஆனாலும் போன தவணை பணம் கட்ட முடியாமல் பெட்டியைக் கட்டிய ஒருத்தியைப் பேராசிரியர் ஒருவர் பஸ் நிலையத்தில் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தாராம். கிளாரன்ஸுக்குப் பகலில் வகுப்பு, பின்னேரம் சாப்பாட்டு மண்டபத்தில் கோப்பை கழுவுகிற வேலை.

"என்னவாம்?" என்றான் தாசன்.

"கோப்பை கழுவுறானாம்."

"நானும்தான் கழுவுறன். எனக்கு ஆர் வகுப்பு வைக்கிறது?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. கிளாரன்ஸுக்கு எப்படி விளங்கியதோ, எழுந்துபோய் மிஸிஸ் டாப்னியின் காதில் ஏதோ சொன்னான்.

மறுநாள் அம்மையார் தாசனை மேலே பியானோவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாட வைத்தார். குழு நான்கு குரலாகப் பிரிந்து பாடியது, தாசன் தனக்குரிய கீழ்க்குரலைப் பிடிக்க வேண்டும். இவன் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் யார் பாடுகிறாரோ அவரைத் திருப்பிப் பாடினான். பழக்கம்! ஏழாம் எட்டாம் முறை அம்மையார் பியானோவை மூடினார். முடிந்தது கதை என்று நினைத்தேன். "ஒரு தவணையில் பழக்கிவிடுவேன்" என்றார். கல்லூரிக் குழுவில் பாடுகிறவர்களுக்குப் படிப்புச் செலவில் பெரும்பகுதியைக் கல்லூரியே ஏற்கும், மீதிக்கு வளாகத்தில் வேலை தருவார்கள், கணிதப் பிரிவுக்கு, நான் எடுத்துச் சொன்ன அவன் பரீட்சைப் புள்ளிகள் தாராளம். செப்டெம்பரில் ஆண்குரல் வரிசையில் ஒரு கதிரை காலியாகிறது. அகதிகளுக்குப் பிரெஞ்சு அரசாங்கம் கொடுக்கும் பயணப் பத்திரத்தை மட்டும் அவன் தேட வேண்டும். போகும்போது கிளாரன்ஸ் தன் கத்தரிப்பூ நிறச் சுவெட்டரைக் கழற்றித் தாசனுக்குப் போட்டுவிட்டான். கை நீளம் போதாமல், மணிக்கட்டுத் தெரிய நின்றான் தாசன்.

அறையில் யுத்தம் தொடங்கியது. சிவலிங்கம் அண்ணை எங்களில் மூத்தவர், ஏழாலைக்காரர், உணவகத்தில் சமையல். யாருக்கும் நல்லது நடக்க வேண்டும் என்பதில் மிகக் கண்டிப்பானவர்.

"அமெரிக்கா நல்லது. ஆனா கறுப்பரின்ரை கல்லூரிக்கோடா போகப்போறாய்?"

"ஏன், நீங்கள் என்ன வெள்ளையே அண்ணை?"

"பகிடியை விடு. பேர் கேட்டா நாலு பேருக்குத் தெரியவேணும். உந்தப் பேரை ஊரிலை ஆருக்குத் தெரியும்? உன்ரை புள்ளிக்குப் பெரிய இடமே கிடைக்கும். ஒரு வருசம் பொறு."

"பஞ்சாங்கம், நீ சொல்லு" என்று தாசன் என் பக்கம் திரும்பினான்.

நான் அந்தக் கல்லூரிகளின் வரலாற்றைப் பற்றிப் படித்ததைச் சொல்லத் தொடங்கினேன். "நீ சொல்லாதை" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அண்ணையின் பேச்சு வேலை செய்தது என்பதுதான் உண்மை. தாசன் பெரிய பெயருள்ள பல்கலைக்கழகங்களுக்கும் எழுதிப்போட்டான். பளபளப்பான புத்தகங்கள் வந்தன, புல்வெளியும் மணிக்கூட்டுக் கோபுரமுமாக. சிவலிங்கம் அண்ணை அவற்றின் படங்களைக் கிழித்துச் சுவரில் ஒட்டினார். உதவிப்பணம் பற்றிக் கேட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று மட்டும் பதில் வந்தது. ஏப்பிரல் கடைசியில் செர்னோபில் அணுவுலை வெடித்தது. கீரை தின்னாதே என்றார்கள், எங்களுக்குக் கீரை எங்கே கிடைத்தது? கோடை வந்தது. தாசன் மெத்ரோவில் முனைக்கு முனை போய்வந்தான். பயணப் பத்திரத்துக்குப் பிரெபெக்தூர் என்ற அரச அலுவலகத்தின் வாசலில் விடிய முதலே வரிசையில் நின்றான். செப்டெம்பரில் பாரிஸில் குண்டுகள் வெடித்தன. தெருவுக்குத் தெரு பொலிஸ், எங்கள் நிறத்தைக் கண்டாலே வதிவிடக் கார்ட் கேட்டார்கள். வரிசைகள் நகரவில்லை. அமெரிக்காவில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. கதிரை போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினோம். மிஸிஸ் டாப்னி விடவில்லை. ஜனவரித் தவணைவரை அந்தக் கதிரையில் யாரையும் இருத்தமாட்டேன், ஆனால் அதற்குமேல் என்னால் முடியாது, கல்லூரிக்குப் பணம் இல்லை என்று எழுதினார். கச்சேரிகளில் அதைக் காலியாகவே போட்டிருந்தாராம்.

பயணப் பத்திரம் நவம்பர் நடுவில் கைக்கு வந்தது. இப்போது தாசனைத் தடுக்க யாருமில்லை. அதுதான் பிரச்சினை. அவன் போகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரவில் எழுந்து சுவரிலிருந்த மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்ப்பான்.

அந்த மாதக் கடைசியில் பாரிஸ் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பல்கலைக்கழகங்கள் மாணவரைத் தெரிந்தெடுக்கவும் கட்டணத்தைக் கூட்டவும் வழி செய்கிற சட்டம் ஒன்று வரவிருந்தது. நானும் தாசனும் வேலை முடிந்து வரும்போது ஊர்வலத்துக்குள் மாட்டிக்கொண்டோம். எங்கு பார்த்தாலும் பிள்ளைகள், மேளம், பாட்டு. கையில் ஒலிபெருக்கி வைத்திருந்த ஒரு பெண் ஒரு வரி கத்த, தெரு முழுக்க அதைத் திருப்பிக் கத்தியது.

"என்ன கேக்கினம்?" என்றான் தாசன்.

"பாஸ் பண்ணின எல்லாருக்கும் கதவு திறக்கவேணுமாம். ஆளைப் பிரிக்கக்கூடாதாம்."

அவன் நின்றுவிட்டான். ஓரிடத்தில் அவன் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. ஒலிபெருக்கிப் பெண் மறுபடி வரியைக் கொடுத்தாள். தாசன் திருப்பிக் கொடுத்தான். பிரெஞ்சு சரியாக வராது, ஆனால் குரல் பசாம் குரல். முன்னால் போன பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஊர்வலம் போய் முடிந்ததும் சொன்னான்:

"அப்பர் பெரிய பள்ளிக்கூடம் எண்டு அனுப்பினார். சின்னதிலை எனக்கு இடம் இருந்தது மச்சான். இந்தமுறை சின்னதுக்கே போறன்."

சிவலிங்கம் அண்ணை இரண்டு நாள் சட்டி பானைகளை டங்கென்று வைத்தார். மூன்றாம் நாள் சுவரிலிருந்த கோபுரங்களைக் கழற்றினார். தாசன் புறப்பட்டது 1987 ஜனவரியில், ஐரோப்பாவே உறைந்த அந்தக் குளிர் கிழமைக்குச் சற்று முன்னால். அண்ணை புட்டும் பொரித்த கோழியும் பெட்டியில் கட்டிக் கொடுத்தார். "வழியிலை கடையிலை விடுவாங்களோ தெரியாது" என்றார். பகிடி போலச் சொன்னார், கண் வேறு பக்கம் பார்த்தது.

தாசன் அந்தக் கதிரையில் நான்கு வருடம் இருந்தான். கீழ்க்குரல் வரவில்லை என்று மிஸிஸ் டாப்னி முதல் வருடம் முழுக்கத் திட்டினாராம், பிறகு வந்துவிட்டதாம். பஸ்ஸில் ஊர் ஊராகப் பாடினான், கோப்பை கழுவினான், கூரை ஒழுகும் நூலகத்தில் கணிதம் படித்தான். எஞ்சினியராகவில்லை. அந்த மாநிலத்திலேயே உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் கணித வாத்தியாராகி, போன வருடம் ஓய்வு பெற்றான்.

கல்லூரி அதற்கு முன்பே போய்விட்டது. கடன், குறைந்துகொண்டு வந்த மாணவர்கள், பிறகு அங்கீகாரம் பறிபோனது. நூலகக் கட்டடத்தில் மரம் முளைத்திருக்கும் படம் ஒன்றைத் தாசன் அனுப்பினான். மிஸிஸ் டாப்னி இல்லை. சிவலிங்கம் அண்ணையும் இல்லை, வில்லியே லே பெல்லில் வீடு வாங்கி, அந்த வீட்டிலேயே கண்ணை மூடினார். எங்கள் அறை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். நிலக்கீழ் மண்டபத்துக்கு இப்போது இலக்கப் பூட்டு. பசாம் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவர் கைபேசியிலும் பாட்டு முழுதாக இருக்கிறது. அடி எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் தேவையில்லை.

திரை மாற்றிய கைபேசியில் முதல் அழைப்பைத் தாசனுக்குத்தான் எடுத்தேன், கடை வாசலில் நின்றபடியே. சுவெட்டரைப் பற்றிச் சொன்னேன்.

"எழுத்து என்ன நிறம்?"

"மஞ்சள்."

"எங்கடை எழுத்து வெள்ளை. உது ஆரோ விக்கிறதுக்கு அடிச்சது." கொஞ்ச நேரம் சிரித்தான். தெருவில் பஸ் ஒன்று கதவை மூடிக்கொண்டு போனது. பிறகு சொன்னான்: "எனக்கு இடம் தராத கம்பஸ் எல்லாம் இப்பவும் இருக்குது, பஞ்சாங்கம். இடம் தந்ததுதான் இல்லை."

அவன் கொடுத்த அடிகளை எல்லாம் நான் திருப்பிப் பாடியிருக்கிறேன், விளங்காதவற்றைக்கூட. இதை மட்டும் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைபேசியைக் காதில் வைத்தபடி நின்றேன். அவனும் அந்தப் பக்கம் காத்துக்கொண்டுதான் இருந்தான்.